முந்நூறு பக்கம் யாருடையது? ஆட்டோ சங்கர் தீர்ப்பும் நம் சாட்சியங்களும்

1

போன மாசம் ஒரு கூட்டம். சட்டக் கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள் இரண்டு பேர், பத்திரிகைக்காரர் ஒருவர், நான். பேச்சு எங்கெங்கேயோ சுத்தி ஆட்டோ சங்கர் வழக்கில் வந்து நின்றது. பத்திரிகைக்காரர் சொன்னார்: 'அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லேன்னா இன்னைக்கி ஒரு அதிகாரியப் பத்தி நாங்க ஒரு வரி எழுத முடியாது.' வழக்கறிஞர் ஒருவர் மறித்தார்: 'எல்லாக் குழப்பமும் அதுலதான் ஆரம்பம். அரசுக்கு எதிரா நிக்க வேண்டிய அந்தரங்க உரிமைய எழுதுறவன் மேல திருப்பி விட்டதே அந்தத் தீர்ப்புதான்.' மாணவி ஒருவர் எழுந்து கேட்டார்: 'ஆறு கொலை செஞ்சவன் கதைய எதுக்குத் தோழர் போடணும்? செத்தவங்க கதைய யார் போட்டாங்க?'

கூட்டம் முடியும்வரை இந்த மூன்று பேச்சுதான் மாறி மாறி ஓடியது. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒன்று உறைத்தது. அந்தக் கதையை எழுதினதாகச் சொல்லப்படும் ஆள் இந்த மூன்று பேச்சிலும் இல்லை. முப்பது வருசத்துக்கு முன்னால் அந்த வழக்கிலும் அவர் இல்லை. இது எனக்குப் பழக்கமான காட்சி. நம்ம தெருவைப் பற்றி ஊர்ச்சாவடியில் பேசுவார்கள், நம்ம ஆள் ஒருவரும் அங்கே இருக்கமாட்டார்.

அந்த வழக்கு நடந்தபோது எனக்கு நாலு வயசு. இருட்டில் பிள்ளைகள் வெளியே போனால் 'ஆட்டோ சங்கர் வந்துருவான்' என்று எங்கள் தெருவில் மிரட்டுவார்கள். பூச்சாண்டிக்கு ஒரு பேரும் ஒரு வண்டியும் கிடைத்தது. எம்.ஏ. படிக்கும்போதுதான் தீர்ப்பை வாசித்தேன். அதில் பூச்சாண்டி இல்லை. அந்தரங்கம், சம்மதம், ஆவணம், அதிகாரி, பத்திரிகை என்று பெரிய பெரிய சொற்கள் இருந்தன. சாட்சியம் எழுதுகிறவர்கள், சாட்சியம் பதிவு செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் மோத வேண்டிய சொற்கள் அவை. அதனால்தான் ஒரு கொலைக் கைதியின் சுயசரிதை பற்றிய தீர்ப்பை இந்தப் பக்கங்களில் பேச வருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் சங்கரை 'அவர்' என்றே எழுதுகிறேன். அது மரியாதைக்கு இல்லை. செய்த கொலைகளைக் குறைக்கவும் இல்லை. தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. கைதாகும்வரை 'அவர்', கைவிலங்கு மாட்டினதும் 'அவன்'. பிடித்த இன்ஸ்பெக்டர் எப்போதும் 'அவர்'. இந்த இலக்கணம் நம்ம பிள்ளைகள் மேல் தினந்தோறும் பாய்கிறது. அதை நான் ஏன் என் பேனாவில் தூக்கிச் சுமக்க வேண்டும்?

2

நடந்தது இதுதான். 1988, 1989 ஆண்டுகளில் சென்னை திருவான்மியூர்ப் பக்கம் நடந்த ஆறு கொலைகளுக்காக சங்கர் மீது வழக்கு. சாராயம், பெண்களை வைத்துத் தொழில் என்று வளர்ந்த ஆள். செங்கல்பட்டு செசன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31 அன்று தூக்குத் தண்டனை கொடுத்தது. 1992 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் அப்பீலைத் தள்ளியது. குடியரசுத் தலைவரிடம் கருணை மனு போய்க் கிடந்தது.

அந்த நேரத்தில் 'நக்கீரன்' இதழில் ஒரு அறிவிப்பு வந்தது. சங்கர் சிறைக்குள் எழுதிய சுயசரிதை தொடராக வரப்போகிறது என்று. பத்திரிகை தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது இது: சங்கர் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது 300 பக்கம் எழுதினார். சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே அதை மனைவியிடம் கொடுத்தார். மனைவி வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் மூலம் பத்திரிகைக்கு வந்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலரோடு தனக்கு இருந்த தொடர்பை சங்கர் அதில் எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அதிகாரிகள் வந்ததற்கு வீடியோவும் போட்டோவும் இருக்கிறது.

சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் 15 தேதியிட்டு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். சங்கர் அப்படி எதுவும் எழுதவில்லை, எழுதவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், வெளியிடுவது சிறை விதிக்கு விரோதம், மீறினால் நடவடிக்கை. பத்திரிகை தரப்பு இதற்குச் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: அந்த மறுப்பு அடித்து உதைத்து வாங்கியது.

மூன்று இதழ்களில் வந்த தொடர் நின்றது. ஆசிரியர் ஆர்.ஆர். கோபாலும் இணையாசிரியர் காமராஜும் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவில் நேராக உச்சநீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, எஸ்.சி. சென் இருவரும் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். சங்கரை 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கில் போட்டார்கள். தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவில் ஆறு மாதம் இருபது நாள்.

3

தீர்ப்பு சொன்னதை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி. தனியாக விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. 21ஆம் பிரிவு சொல்லும் வாழும் உரிமைக்குள்ளேயே அது இருக்கிறது. ஒருவருடைய வீடு, குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, படிப்பு இதையெல்லாம் அவர் சம்மதம் இல்லாமல் யாரும் எழுதக் கூடாது. உண்மையாக இருந்தாலும் சரி, பொய்யாக இருந்தாலும் சரி. புகழ்ந்து எழுதினாலும் சரி, திட்டி எழுதினாலும் சரி. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம். அதற்குச் சம்மதம் வேண்டாம்.

அதிகாரிகள் கதை வேறு. அவர்கள் தம் பதவிக் கடமையில் செய்ததைப் பற்றி எழுதினால் அந்தரங்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. எழுதியது தப்பாகவே போனாலும், உண்மையா என்று கொஞ்சமும் பார்க்காமல் எழுதியதாக அவர்கள் நிரூபிக்க வேண்டும். அரசாங்கமோ உள்ளாட்சி மன்றமோ தன்னை அவதூறு செய்துவிட்டார்கள் என்று நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிவருவதற்கு முன்னாலேயே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. பாதிக்கப்பட்டதாக நினைத்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும்.

இதில் நமக்கு லாபம் இல்லையா என்றால் இருக்கிறது. நாலு பக்கத் துண்டறிக்கை போட்டுவிட்டு போலீசு வருமா என்று ராத்திரி முழுக்க முழித்திருந்த தோழர்களைக் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு காவல்நிலையத்தைப் பற்றி நாங்கள் சிறுவெளியீடு கொண்டுவந்தபோது, அச்சகக்காரர் பயந்து கையை எடுத்துவிட்டார். இந்தத் தீர்ப்பின் நாலு வரியைத் தமிழில் எழுதிக் காட்டின பிறகுதான் மெசினை ஓட்டினார். அதனால் இந்தத் தீர்ப்பை ஒரேயடியாக 'மேல்தட்டு உரிமை' என்று தள்ளும் தோழர்களோடு எனக்கு ஒத்துவராது. சின்னப் பத்திரிகைக்காரனுக்கு அது ஒரு தடி. நாய் வந்தால் உதவும்.

4

சரி, சண்டை எங்கே? மூன்று இடத்தில்.

முதல் சண்டை, சட்டம் படித்தவர்களுடையது. 21ஆம் பிரிவு அரசிடமிருந்து மக்களைக் காக்க வந்தது. பத்திரிகை அரசு இல்லை. அப்புறம் எப்படி அதை வைத்துப் பத்திரிகையைக் கட்டுப்படுத்தலாம் என்று கேட்கிறார்கள். கேள்வி சரிதான். அந்தக் குழப்பத்தின் பலன் யாருக்குப் போனது என்று பார்த்தால் தெரியும். குஷ்வந்த் சிங் தன் சுயசரிதையில் மேனகா காந்தி குடும்பச் சண்டையை எழுதினார். அந்தரங்கம் போச்சு என்று மேனகா காந்தி வழக்குப் போட்டார். 1990களின் நடுவில் புத்தகத்துக்குத் தடை. 2001இல்தான் டில்லி உயர்நீதிமன்ற அமர்வு அதை விலக்கியது. புத்தகம் 2002இல் வந்தது. அதிகாரம் உள்ளவர் வீட்டு அந்தரங்கம் ஒரு புத்தகத்தையே வருசக்கணக்காக நிறுத்தி வைக்கும். நம்ம வீட்டு அந்தரங்கம் எப்.ஐ.ஆரில் ஏறி அன்றைக்குச் சாயங்காலமே மாலைப் பத்திரிகையில் வரும்.

இரண்டாவது சண்டை, அந்த மாணவி கேட்டது. கொலைகாரன் கதையை ஏன் போடணும்? நான் இந்தக் கேள்வியை லேசாக எடுக்கவில்லை. செத்துப்போன ஆறு பேரும் யாருக்கோ பிள்ளை, யாருக்கோ துணை. ஆனால் கொலைக் கதையை யாரும் போடாமல் இல்லை. 1989இலிருந்து போலீசு சொன்ன சங்கர் கதை பத்திரிகைகளில் ஓடிக்கொண்டே இருந்தது. வாராவாரம் படம், ரத்தம், சுவர், பிணம். பிறகு 2019இல் இணையத்தொடராகவும் வந்தது. அப்போதெல்லாம் வராத கேள்வி அந்த 300 பக்கத்துக்கு மட்டும் ஏன் வந்தது? அந்தப் பக்கங்களில் அதிகாரிகள் இருந்ததாகச் சொல்லப்பட்டதால் வந்தது. கொலைகாரன் தனியாகக் கொலை செய்யும் கதை எல்லாருக்கும் பிடிக்கும். மாமூல் வாங்கினது யார், விருந்துக்கு வந்தது யார் என்று சேர்த்துச் சொன்னால் பிடிக்காது. அவர் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் பொய்யா உண்மையா என்று பார்ப்பதற்கு முதலில் அது வெளியே வர வேண்டுமே.

மூன்றாவது சண்டை யாரும் போடாத சண்டை. அதைத்தான் நாம் போட வேண்டும்.

5

தீர்ப்பில் ஒரு இடம் இருக்கிறது. சங்கர் எழுதினாரா இல்லையா என்ற கேள்விக்குள் எங்களால் போக முடியாது என்கிறார்கள் நீதிபதிகள். ஏன்? சங்கரோ, அவர் மனைவியோ, வக்கீலோ இந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை. பத்திரிகை ஒன்று சொல்கிறது, சிறை ஒன்று சொல்கிறது. அதனால் அவர் எழுதவும் இல்லை, வெளியிடச் சம்மதிக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டு முடிவு செய்கிறோம். இது அனுமானம்தான், கண்டுபிடிப்பு இல்லை என்று நேர்மையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

ஆள் உயிரோடு இருக்கிறார். தமிழ்நாட்டுச் சிறையில், அரசின் பூட்டுக்குள்ளேயே இருக்கிறார். கூப்பிட்டால் வரக்கூடிய தூரம். இந்தியாவில் அந்தரங்க உரிமைக்கு அடித்தளம் போட்ட தீர்ப்புகளில் ஒன்று அவர் வாழ்க்கையை வைத்துத்தான் எழுதப்பட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோதும் இந்த வழக்கைத் தொட்டுத்தான் போனார்கள். ஆனால் 'நீ எழுதினியா, போடலாமா?' என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க அந்த வழக்கில் இடமே இல்லாமல் போனது. கட்சிக்காரராகச் சேர்க்காத பத்திரிகைக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இன்னொன்று. நீதிமன்றம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கேள்விகளில் ஒன்று இது: கைதி உள்ளே கிடப்பதால் அவரால் தன் உரிமையைக் காக்க முடியாது, ஆகவே அவர் சார்பில் நாங்கள் தடுக்கிறோம் என்று சிறை அதிகாரி வர முடியுமா? தடுக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் தரவில்லை, நல்லது. ஆனால் அந்தக் குரலைக் கேளுங்கள். 'உன் சார்பில் நாங்கள்.' பூட்டினவனே பூட்டப்பட்டவனின் அந்தரங்கத்துக்குக் காவல் வருகிறான். இந்தக் குரலை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். ஹரிசன சேவை என்று வந்தவர்களிடம், கட்சி மேடைகளில், ஏன், நம்மைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வரும் பல்கலைக்கழகத்துக்காரர்களிடமும்.

அடுத்து ஆவணம். பொது ஆவணத்தில் இருந்தால் சம்மதம் வேண்டாம் என்கிறது தீர்ப்பு. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இது தேவை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆவணத்தை எழுதினது யார்? 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டு, பிறக்கும் பிள்ளையையே குற்றவாளி என்று எழுதி வைத்ததும் பொது ஆவணம்தான். இன்றைக்கும் நம்ம ஆள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால், அதே ராத்திரி அவர் மேல் எதிர்ப்புகார் ஒன்று பதிவாகும். இரண்டு நம்பரும் பக்கத்துப் பக்கத்து நம்பர். இரண்டும் ஆவணம். நாளைக்கு ஒருத்தன் அந்த ஊர்க் கதையை எழுத வந்தால் இரண்டாவது நம்பரை வைத்து எழுதலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். அந்த ஊர்க் கிழவி சொல்வதை வைத்து எழுத வந்தால் ஆதாரம் எங்கே, சம்மதம் எங்கே என்று கேட்பார்கள்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. 2023இல் வந்த புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. வெள்ளைக்காரன்கூட நம்பாத வாக்குமூலம் அது. ஆனால் தினமும் காலையில் 'கைதான வாலிபர் பரபரப்பு வாக்குமூலம்' என்று நாம் வாசிக்கிறோம். கொலைகாரன் தன்னிலையில் பேசுகிற மாதிரி, 'நான் அவளை...' என்று ஆரம்பிக்கும். எழுதினது ஸ்டேசன் ரைட்டர். அந்தத் தன்னிலைக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை. தமிழில் ஏராளமாக அச்சேறிய சுயசரிதை வடிவம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அடுத்தவன் எழுதின சுயசரிதை. இதற்கு நடுவில் ஒரு கைதி தானே எழுதினதாக 300 பக்கம் வரும்போது மட்டும் எல்லாருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது.

பிரான்சில் 1835இல் பியர் ரிவியேர் என்ற குடியானவ இளைஞன் தன் தாயையும் தங்கையையும் தம்பியையும் கொன்றான். சிறையில் உட்கார்ந்து ஏன் கொன்றேன் என்று எழுதினான். ஃபூக்கோவும் அவர் நண்பர்களும் 1973இல் அந்த எழுத்தை வெளியிட்டபோது, டாக்டர்கள் எழுதினது, நீதிபதிகள் எழுதினது, பத்திரிகை எழுதினது எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். கொலையை நியாயப்படுத்தவில்லை. யார் யார் எந்த அதிகாரத்திலிருந்து ஒரே ஆளை எழுதுகிறார்கள் என்று பார்க்க வைத்தார்கள். சங்கர் வழக்கில் எனக்கு வேண்டியதும் அதுதான். அந்த 300 பக்கம், குற்றப்பத்திரிகை, சிறைத்துறைக் கடிதம், அந்த மறுப்பு எல்லாம் ஒரே மேசைமேல் கிடக்கட்டும். நாம் வாசித்துக்கொள்கிறோம்.

6

அதே 1994இல் வடக்கே இன்னொரு சண்டை. பூலன் தேவி. மல்லா சாதி, படகோட்டி மக்கள். எழுதப் படிக்கத் தெரியாது. விசாரணை முடியாமலேயே பதினொரு வருசம் சிறையில் கிடந்து 1994இல் வெளியே வந்தார். அவர் சிறையிலிருந்து சொல்லி எழுத வைத்ததையும் வைத்து மாலா சென் 1991இல் ஒரு புத்தகம் போட்டார். அதன் பின்னால் சேகர் கபூர் படம் எடுத்தார். தன் உடம்பின்மேல் நடந்த கொடுமையைத் தன்னைக் கேட்காமல் திரையில் காட்டுகிறார்கள் என்று பூலன் நீதிமன்றம் போனார். டில்லி உயர்நீதிமன்றம் படத்தைத் திரையிட இடைக்காலத் தடை போட்டது. அதற்குக் கைகொடுத்தது இரண்டு மாசம்கூட ஆகாத ஆட்டோ சங்கர் தீர்ப்புதான்.

இதுவும் பெரிய சண்டையானது. கலைச் சுதந்திரம் போச்சு என்று ஒரு பக்கம். உயிரோடு இருக்கும் பெண்ணின் வல்லுறவை அவள் சம்மதம் இல்லாமல் காட்ட நீ யார் என்று அருந்ததி ராய் ஒரு பக்கம். அப்புறம் பூலன் பணம் வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிட்டார். உடனே, 'பாத்தியா, காசுக்குத்தான்' என்று சிரித்தார்கள். படம் எடுத்தவன் காசு வாங்கினால் கலை. அவள் கதைக்கு அவள் காசு வாங்கினால் பேரம். பிறகு 1996இல் வேறொருவர் போட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் படத்தை அனுமதித்தது. அந்த வழக்கைப் போட்டவர் பூலன் இல்லை. படம் தன் சாதியைக் கேவலப்படுத்துகிறது என்று வந்த குஜ்ஜர் சாதிக்காரர். ஒரு பெண்ணின் வாழ்க்கை கடைசியில் இன்னொரு சாதியின் மானப் பிரச்சனையாகிப் போனது.

ஒரே தீர்ப்பு. பூலன் கேட்டபோது கொஞ்சமாவது உதவியது, ஏனென்றால் அவர் நீதிமன்றத்தில் நின்று, 'இது என் கதை' என்று சொல்ல முடிந்தது. சங்கரால் நிற்க முடியவில்லை.

சங்கர் கதைக்குள் இருந்த பெண்களை யாரும் நினைக்கவே இல்லை. அவர் நடத்திய தொழிலில் இருந்தவர்கள் அவர்கள். வல்லுறவு, கடத்தல் போன்ற குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை, ஆவணத்தில் இருந்தாலும், பத்திரிகையில் போடக் கூடாது என்று தீர்ப்பு சொல்கிறது. நல்ல விதி. ஆனால் காரணமாக எடுத்துக்கொண்டது 19ஆம் பிரிவில் உள்ள 'கண்ணியம்' என்ற சொல்லை. அந்தப் பெண்ணின் உரிமை என்று சொல்லியிருக்கலாம். வாசிக்கிறவர்களின் கண்ணியம் கெடக்கூடாது என்ற தொனி அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, குற்றப்பத்திரிகை யாரை 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதாமல் விட்டதோ அந்தப் பெண்? தொழில் செய்தவள் என்று ஒரு வரியில் எழுதப்பட்டவள்? அவளும் ஒரு தாய், அவளுக்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு. தீர்ப்பு பட்டியல் போட்ட அந்தரங்கம் எல்லாம் அவளுக்கும் உண்டு. ஆனால் போலீசு ஆவணம், கைதியின் சுயசரிதை, பத்திரிகைத் தொடர் மூன்றிலும் அவளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சங்கரை யாரும் கேட்கவில்லை என்று இவ்வளவு கத்துகிற நான், சங்கர் இவர்களைக் கேட்டாரா என்றும் கேட்க வேண்டும். கேட்டிருக்கமாட்டார். பிறருடைய கதையை எழுதும் ஒவ்வொரு சுயசரிதைக்குள்ளும் இந்தக் கடன் கிடக்கிறது.

7

இதை எழுதும்போது என் கடனையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், எம்.ஏ. இரண்டாம் வருசம். ஒரு கலவரத்துக்குப் பிறகு ஒரு சேரியில் போலீசு புகுந்து அடித்தது. நாலு நண்பர்கள் போனோம். ஒரு ஆயாவிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்தோம். போலீசு ஆவணத்தில் அவர் மகன் 'ஏழாவது எதிரி'. அவ்வளவுதான், ஒரு நம்பர். ஆயா சொன்னதில் அந்த ஏழாவது எதிரி அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். ஆயா தன் கதையையும் சொன்னார். எந்த ஏட்டு கதவை உதைத்தான், தன் மேல் யார் கை வைத்தான், வீட்டுக்காரர் குடித்துவிட்டு எங்கே கிடந்தார், மருமகள் ஏன் அம்மா வீட்டுக்குப் போனாள் எல்லாம். கடைசியில் ஒரு தாளில் ரேகை வாங்கினோம். சம்மதம்! எங்களுக்கு அவ்வளவு பெருமை.

சிறுவெளியீடு வந்தது. தோழர்கள் கொண்டாடினார்கள். ஆறு மாசம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். ஆயா திண்ணையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

'இன்னா ஆயா?'

'ஏந்தம்பி, எம் மருமவ கதைய இன்னாத்துக்குப் போட்ட? எம் புருசன் குடிச்சிட்டுக் கெடந்தத ஊருக்கே படிச்சுக் காட்டுறானுங்க அந்தத் தெருக்காரனுங்க. பேத்திக்கு மாப்ள பாக்குறோம்.'

'நீங்கதான ஆயா ரேக வெச்சீங்க...'

'வெச்சேன். எதுல வெச்சேன்னு நீ படிச்சுக் காட்டுனியா?'

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஸ்டேசனிலும் அப்படித்தான் ரேகை வாங்குகிறார்கள். வெள்ளைத் தாளாவது, எழுதின தாளாவது, படிக்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்று. இப்போது சங்கர் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த மறுப்பையும், பத்திரிகைக்கு வந்ததாகச் சொல்லப்படும் அந்த அனுமதியையும் நினைக்கும்போது எனக்கு இந்தத் தாள்தான் ஞாபகம் வருகிறது. அடிபட்டு வைத்த கையெழுத்து, நம்பி வைத்த ரேகை இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் இரண்டிலும் தாள் ஒருவர் கையில், பேனா வேறொருவர் கையில்.

நம் எழுத்தில் இந்தச் சிக்கல் புதுசு இல்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அவர் ஊர் மக்களே கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக நான் தயாராக இல்லை. என் வாழ்க்கையைச் சொல்லும்போது என் தெருவின் வாழ்க்கையும் வந்துவிடுகிறது. தீர்ப்பின் விதியை அப்படியே பிடித்தால், குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்காமல் ஒரு தலித் சுயசரிதையும் எழுத முடியாது. ஏனென்றால் சாதி நம்மைத் தாக்கும் இடமே அதுதான். விதியைத் தூக்கி எறிந்தால், நாமும் ஸ்டேசன் ரைட்டர் ஆகிவிடுவோம்.

என் முடிவு இது. அதிகாரியைப் பற்றி எழுத யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டாம். அந்த விசயத்தில் 1994 தீர்ப்பை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வோம். நம்ம ஆட்களைப் பற்றி எழுதும்போது தீர்ப்பு கேட்டதைவிட அதிகமாக நாமே கேட்டுக்கொள்வோம். எழுதினதைத் திரும்பப் போய் வாய்விட்டு வாசித்துக் காட்டணும். எடுக்கச் சொன்னால் எடுக்கணும். 'ஆவணத்தில் இருக்கிறது' என்பதை நாம் ஒரு சாக்காகச் சொல்லக் கூடாது. ஆவணத்தை எடுத்தால் எழுதினவன் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதணும். சிறைக்குள்ளிருந்து ஒருவர் எழுதினால், அவர் எவ்வளவு கொடூரம் செய்தவராக இருந்தாலும், அவரை வழக்கில் நிறுத்திக் கேட்கும் உரிமைக்காக வழக்கறிஞர் தோழர்கள் வாதாடணும்.

அன்றைக்கு ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படித்துக் காட்டினேன். பாதி நாள் ஆனது. பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மருமகள் வரும் பத்தியை எடுக்கச் சொன்னார். வீட்டுக்காரர் குடித்தது வரும் இரண்டு வரியை எடுக்கச் சொன்னார். தன் மேல் கை வைத்த இடம் வந்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'அது இருக்கட்டும்' என்றார். நான் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் கதவை உதைத்த ஏட்டின் பெயர் வந்தது. பழக்க தோசத்தில் அதன்மேலும் பேனாவை வைத்தேன்.

ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

'அத எடுக்காத' என்றார். 'அத இன்னும் பெரிசாப் போடு.'

இரண்டாம் பதிப்பு அப்படித்தான் வந்தது.